இளம் தொழிலாளிக்கு முதல் சங்க வகுப்பு

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குள் நுழையும் பிள்ளைகளில் பலருக்கு, தாங்கள் எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாது. அப்ரண்டிஸா, டிரெய்னியா, காண்ட்ராக்டா, குறித்த கால வேலையா? லைன் ஒன்று, ஷிப்ட் ஒன்று. உரிமை மட்டும் ஆளுக்கு ஒரு விதம். தொழிற்சங்கங்கள் இளைஞர்களுக்கு நடத்தும் வகுப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். சங்க வரலாறும் மே தின வரலாறும் தேவைதான். ஆனால் பையில் இருக்கும் வேலை உத்தரவைப் படித்துப் புரிந்துகொள்ளாத தொழிலாளிக்கு வரலாறு மட்டும் பாதுகாப்புத் தராது.

1961 தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவானவர், சட்டத்தின் கண்ணில் பயில்பவர், தொழிலாளி அல்ல. தகராறு வந்தால் அவர் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் முறையிட வேண்டும். பயிற்சியின்போது அடிபட்டால் நிர்வாகம் இழப்பீடு தந்தாக வேண்டும். நிர்வாகம் தானாகச் சூட்டிய ‘டிரெய்னி’ என்ற பெயருக்கு இந்தச் சட்ட பலம் கிடையாது. பழகுநர் ஒப்பந்தம் பதிவாகாமல் முழு உற்பத்தி வேலை வாங்கியிருந்தால், தொழிலாளி என்றே வாதாட இடமுண்டு. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், அது பொருந்தும் ஆலைகளில், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தருகிறது. அந்த 480 நாளைக் காட்ட வருகைப் பதிவு, சம்பள ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், ஷிப்ட் மாற்றிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தே இவற்றைச் சேர்த்துவைக்கப் பழக்குவதுதான் நல்ல வகுப்பு.

சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆலைத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் பேரோ நூறு பேரோ, எது குறைவோ அந்த அளவு உறுப்பினர் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தால் நிர்வாகியும் ஆகலாம். 1918-இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது இப்படி ஒரு சட்டமே இல்லை. அதன் தலைவர் வாடியா மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்து நூறாண்டை நெருங்கிய வேளையிலும் பதிவு எளிதாகிவிடவில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரியில்தான் அவர்கள் சங்கம் பதிவானது.

ஆபத்து பெரும்பாலும் சங்கப் பேச்சு எடுத்த சில நாட்களில் தொடங்கும். வேறு பிரிவுக்கு மாற்றம், திடீரென ஒரு மெமோ, வீட்டுக்குப் போன் செய்து அம்மா அப்பாவைப் பயமுறுத்துவது, வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பது. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதே சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். உள்விசாரணையில் உதவிக்குச் சக தொழிலாளி ஒருவரைக் கேளுங்கள். விசாரணைக்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வர வேண்டும். ராஜினாமா கடிதத்தில் மட்டும் யார் வற்புறுத்தினாலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். அதைத் திரும்பப் பெறப் படும் பாடு பெரிது.

பழைய வகுப்புக் குறிப்புகளைத் தூசி தட்டிப் பாடம் எடுப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. எந்த ஆலையானாலும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயம். கொடுத்து 14 நாள் முடியும்முன் இறங்க முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. இது தெரியாமல் உணர்ச்சிவேகத்தில் வெளியே வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு அபராதமும் சிறையும்கூட வரலாம். அவரை அப்படி அனுப்புவது சங்கத்தின் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

பயிற்சியால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல் இருக்கிறது. அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, ஆலைக்குள் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ ஏற்பட வைத்தது. தொழிலாளி, சூப்பர்வைசர், நிர்வாகி எல்லோருக்கும் பயிற்சி. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள். தொந்தரவை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விடுதி அறையில் அழுத பெண்களுக்கு, பக்கத்து மெஷினிலேயே முறையிட ஓர் ஆள் கிடைத்தார். ஒப்பந்தம் இல்லாத ஆலையிலும் பத்துப் பேர் வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவு நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை டவுன் மண்டபத்தில் வகுப்பு வைத்தால் விடுதிப் பெண்கள் வர முடியாது. அவர்களுக்கு எந்த நேரம், எந்த இடம் தோதுப்படும் என்று கேட்டு வகுப்பை வையுங்கள்.

“நாளையிலிருந்து வராதே” என்று வாய்வார்த்தையில் நிறுத்தினால், மறுநாளும் ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் தேதி, நேரம், தடுத்தவர் பெயர் எழுதி, வேலைக்குத் தயாராக வந்ததைச் சொல்லி நிர்வாகத்துக்கு அன்றே ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். ஒரு நகல் சங்கத்துக்கு, இன்னொன்று தொழிலாளர் துறை சமரச அலுவலருக்கு. சமரசத்தில் முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதை எடுக்க முடியாது.