ரேடியோ செட் கைவிடாத குரல்: எல்.ஆர்.ஈஸ்வரி

1980 அக்டோபர் 5. டோக்கியோவின் புடோகன் அரங்கம். கடைசிப் பாட்டு முடிந்ததும், கையிலிருந்த வெள்ளை மைக்கை மேடைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார் மோமோயே யமாகுச்சி. ஜப்பானே கொண்டாடிய 'ஐடல்' பாடகி. வயது 21. அடுத்த மாதம் கல்யாணம். அதன் பிறகு அவர் பாட வரவே இல்லை.

ஐடலுக்குக் குரல் மட்டும் போதாது. முகம், சிரிப்பு, உடை, இளமை எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே விலை போகும். வயது ஏறினால் மவுசு இறங்கும். அதையும் மீறி நின்றவர் செய்கோ மாட்சுடா. 1980இல் அறிமுகமானார். தொடர்ந்து 24 சிங்கிள் பாடல்கள் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1985இல் கல்யாணம், மறு வருஷம் குழந்தை. அப்புறமும் மேடையை விடவில்லை.

நம் பக்கம் இந்தக் கணக்கு எப்படி? கோவில்பட்டியில் பசுவந்தனை ரோட்டைப் பிடித்துப் போனால் இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரி பூமி. இங்கே அம்மன் கொடை என்றால் ரேடியோ செட் வந்து இறங்க வேண்டும். குழாயை உயரத்தில் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒன்றைப் போட்டு முடித்ததும், அடுத்து ஏறுகிற குரல் பெரும்பாலும் ஒன்றுதான். எல்.ஆர்.ஈஸ்வரி. காட்டில் களையெடுக்கிறவர்கள் காதுவரை அது போய்ச் சேரும். ஆனால் அவரே தெருமுனையில் வந்து நின்றால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

அவருடைய நீண்ட ஆயுளின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பின்னணிப் பாடகிக்கு முகம் கிடையாது. முகமில்லாத குரலுக்கு வயது தெரிவதில்லை.

முழுப் பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. 1939இல் சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஸ்டூடியோவுக்குப் போய் வந்த மகளும் கோரஸில் சேர்ந்துகொண்டார். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். எம்.எஸ்.ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே இருந்ததால், இவர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆனார். 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. தோழியை மணவறைக்கு அழைக்கும் அந்தப் பாட்டைப் போடாத ரேடியோ செட்காரர் தமிழ்நாட்டில் உண்டா என்ன?

அதற்குப் பிறகு சினிமா அவரை ஒரு ஓரமாக நிறுத்தியது. கதாநாயகிக்கு பி.சுசீலா. கிளப் டான்ஸுக்கும் குறும்புக்காரத் தோழிக்கும் தெருவில் கூவி விற்கிறவளுக்கும் ஈஸ்வரி. 1968இல் 'பணமா பாசமா'வின் இலந்தைப்பழப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அடுத்த வருஷம் 'சிவந்த மண்'. திரையில் காஞ்சனா மீது சவுக்கு விழ விழ, இங்கே குரல் துடித்து எழும். அதே தொண்டைதான் 1972இல் 'வெள்ளி விழா'வில், வி.குமார் இசையில், பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வதுபோலப் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிளப் பாட்டுக்காரி என்று அவரை ஒதுக்கியதில் நஷ்டம் சினிமாவுக்குத்தான்.

தூத்துக்குடிச் சீமைக்காரர்கள் உரிமை கொண்டாட ஒரு பாட்டு தனியாகவே உண்டு. 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில், நாகேஷும் மனோரமாவும் ஆடுகிற முத்துக்குளிப்புப் பாட்டு. டி.எம்.சௌந்தரராஜனோடு ஈஸ்வரி, நம் ஊர்ப் பேச்சிலேயே வெளுத்து வாங்கியிருப்பார். படத்தை இந்தியில் 'தோ பூல்' என்று எடுத்தபோது நடிகர் மெஹ்மூத் இந்தப் பாட்டையும் விடவில்லை. அங்கே அதைப் பாடியவர் ஆஷா போஸ்லே.

எழுபதுகளின் கடைசியில் இசை மாறியது, குரல்கள் மாறின, ஈஸ்வரிக்குப் பட வாய்ப்பு சுருங்கியது. முகத்தை நம்பிய ஐடலாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சினிமாவுக்கு வெளியே அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இருந்தனவே! அவை இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கு வந்தன, கேசட்டிலிருந்து சிடிக்கும் பென்டிரைவுக்கும் வந்தன. படம் ஓடி முடிந்தால் போய்விடும். ஆடி மாதமும் பங்குனிப் பொங்கலும் வருஷந்தவறாமல் வரும். லூர்து மேரி பாட, மாரியாத்தா வந்து இறங்குகிறாள். பாடியவர் ஞானஸ்நானம் பெற்றவர் என்று தெரிந்தாலும், சாமியாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தப்போவதில்லை.

சினிமாவும் திரும்பி வந்தது. 2011இல் 'தபாங்' படத்தைத் தமிழில் 'ஒஸ்தி' என்று எடுத்தார்கள். குத்துப் பாட்டுக்கு இசையமைப்பாளர் தமன் கூப்பிட்டது எழுபதைத் தாண்டிய ஈஸ்வரியை. கூடப் பாடியவர் டி.ராஜேந்தர், ஆடியவர் மல்லிகா ஷெராவத். அந்த ஆட்டத்துக்கு அந்தக் குரலில் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

2020இல் 'மூக்குத்தி அம்மன்'. திரையில் அம்மனாக நயன்தாரா வர, கிரீஷ் இசையில் ஆடிக் கூழ் மணக்கும் ஒரு குத்துப் பாட்டைப் பாடியபோது ஈஸ்வரிக்கு வயது 80. கொரோனா காலம் என்பதால் படம் தியேட்டருக்குப் போகாமல் தீபாவளிக்கு நேராக ஹாட்ஸ்டாரில் வந்தது. கொட்டகையில் விசிலடித்துக் கேட்டிருக்க வேண்டிய பாட்டைச் சனங்கள் வீட்டுத் திண்ணையில் கைபேசியை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.