டெப்பட் இறுக்கியும் சத்தம் அடங்காத மொரிஸ் மைனர்

நமது தோட்டப் பகுதிகளில் பழைய மொரிஸ் மைனர் காரை வைத்து ஹயர் ஓடிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போவதும், சம்பளத்துக்குப் பிறகு டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதும் அந்தக் காரில்தான். கார் நின்றால் வீட்டு வருமானமும் நிற்கும். அப்போது பாஸ் "முழு எஞ்சினும் செய்யணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போய்விடும். கடன் விண்ணப்பத்தோடு எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே, நகையைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அது எஞ்சினுக்குள் இருக்கும் கெம் சாப்ட்.

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். நம் பக்கம் ஓடுபவற்றில் அதிகம் 1956க்குப் பின் வந்த 948 சீசீ எஞ்சினும், 1962க்குப் பின் வந்த 1098 சீசீ எஞ்சினும் உள்ளவை. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. கெம் சாப்ட் என்பது அந்த எஞ்சினின் புளொக்குக்குள்ளே படுத்திருக்கும் ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் எட்டு மேடுகள் உண்டு. ஒவ்வொரு மேட்டின் மேலும் சின்னத் தம்ளர் மாதிரி ஒரு டெப்பட் உட்கார்ந்திருக்கும். மேடு சுற்றி வரும்போது டெப்பட்டை மேலே தள்ளும். டெப்பட் நீண்ட கம்பியைத் தள்ளும், கம்பி ரொக்கரைத் தள்ளும், ரொக்கர் வால்வை அமத்தித் திறக்கும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கெம் சாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இந்த மேடு தேய்ந்துபோனால் வால்வு பாதிதான் திறக்கும். மூக்கு அடைத்தவன் மூட்டை தூக்கி மலை ஏறுவது போலத்தான் பிறகு கார் ஏறும்.

அடையாளம் என்ன? முதலாவது, தையல் மெசின் போல டிக் டிக் என்று ஒரு சத்தம். டெப்பட் இறுக்கினால் இரண்டு நாள் குறையும், அல்லது குறையவே குறையாது. இரண்டாவது, தட்டையான ரோட்டில் ஓடும், ஏற்றத்தில் இழுக்காது. மூன்றாவது, கார்புரேட்டர் வழியாக "பட், பட்" என்று திருப்பி வெடிக்கும். இது பெரும்பாலும் புகை போகும் வால்வின் மேடு தேய்ந்ததால் வருவது. எரிந்த புகை முழுதும் வெளியே போக முடியாமல், உள்ளே இழுக்கும் வால்வு திறந்ததும் அந்த வழியாகத் திரும்பி வருகிறது.

இதிலே ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பிரசன் பார்த்தால் பெரும்பாலும் நல்லாவே காட்டும். பிளக்கை மாற்றுவார்கள், கொயிலை மாற்றுவார்கள், கார்புரேட்டரை மூன்று தரம் கழுவுவார்கள், ஒன்றும் ஆகாது. கடைசியில் எஞ்சினை இறக்கி போர் பண்ணச் சொல்வார்கள். போர் பண்ணுவது சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்தால் செய்ய வேண்டிய வேலை. அதற்கு அடையாளம் நீலப் புகை, ஒயில் குறைவு, கம்பிரசன் குறைவு. இவை ஒன்றும் இல்லாமல் இழுவை மட்டும் இல்லை என்றால் வால்வு பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் போர் பண்ணிப் புது பிஸ்டனும் போட்டது. கார் வீட்டுக்கு வந்தபோது அதே டிக் டிக் சத்தமும் கூடவே வந்தது. நகை திரும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று.

டெப்பட் கேப்பைச் சரி பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேப் 12 தௌ, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 12 பங்கு இருக்க வேண்டும். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைப் பாருங்கள். மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதைப் பாருங்கள். இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். ரொக்கரின் நுனியில் பள்ளம் விழுந்திருந்தால் பீலர் தகடு பள்ளத்தின் மேலே பாலம் போட்ட மாதிரி நிற்கும், கேப் சரி என்று பொய் காட்டும். ரொக்கர் ஓடும் சாப்ட்டும் தேய்ந்து சத்தம் போடும். இவை மலிவான சாமான்கள், முதலில் இவற்றைப் பார்ப்பதே புத்தி.

கேப் சரியாக இருக்கும்போதே மேடு தேய்ந்திருக்க முடியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. காரணம் இதுதான். கேப் பார்க்கும்போது டெப்பட் இருப்பது மேட்டின் முதுகுப் பக்கத்தில், உருண்டையான இடத்தில். தேய்வதோ மூக்குப் பக்கம். ஆகவே 12 தௌ வைத்தாலும் மூக்கில் போன இரும்பு திரும்பி வராது.

மூக்கு தேய்ந்ததா என்று அறிய வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். எட்டு கேப்பையும் சரி பண்ணிவிட்டு, வால்வு ஸ்பிரிங்கின் மேல் மூடியில் டயல் கேஜை வைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொன்றின் இறக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். டயல் கேஜ் இல்லாவிட்டால் வேர்னியராலும் அளக்கலாம். இந்த எஞ்சினில் 1, 4, 5, 8 புகை போகும் வால்வுகள், 2, 3, 6, 7 உள்ளே இழுக்கும் வால்வுகள். ஒரே இனத்து வால்வுகள் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் கள்ளன் அகப்பட்டான். இந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பாஸிடம் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இந்த எஞ்சினில் இன்னொரு வசதி, மெனிபோல்டுக்குக் கீழே புளொக்கின் பக்கத்தில் இரண்டு சிறிய மூடிகள் இருக்கின்றன. ரொக்கரையும் கம்பிகளையும் எடுத்துவிட்டு அந்த மூடிகளைத் திறந்தால் டெப்பட்டைக் கையால் எடுக்கலாம். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால் நல்லது. குழி விழுந்தோ, அம்மை வடு போலவோ இருந்தால் அதற்குக் கீழே உள்ள மேடும் போய்விட்டது.

ஆனால் ரொக்கரைக் கழற்றும்போது கவனம் வேண்டும். ரொக்கரைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் வளையும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகத் தளர்த்த வேண்டும்.

கெம் சாப்ட்டை மாற்றுவது பாஸின் வேலை. எஞ்சினை இறக்கிச் செய்வதே வசதி. ரொக்கர், கம்பி, டெப்பட் எல்லாம் வெளியே வந்த பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரும் அதைச் சுற்றும் பற்சில்லும் வர வேண்டும். அந்தச் சில்லின் தலையில் மரை இருக்கிறது. 5/16 போல்ட் ஒன்றைப் பூட்டி இழுத்தால் வரும். அதன் பிறகு முன் மூடி, செயின், சில்லுகள், மூன்று ஸ்குரூ உள்ள தகடு. கடைசியில் கெம் சாப்ட்டை மெதுவாகச் சுற்றிச் சுற்றி முன்னால் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேடுகள் பெயாரிங்கைக் கீறிவிடும். திரும்பப் போடும்போது இரண்டு செயின் சில்லிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நேராக நிற்க வேண்டும். வாங்கும்போதும் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பின் நுனியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒயில் பம்பை அந்த நுனிதான் சுற்றுகிறது. இந்த எஞ்சின்களில் அது ஒரே மாதிரி இருப்பதில்லை.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. புது கெம் சாப்ட் போட்டால் டெப்பட் எட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய டெப்பட் புது மேட்டை அறுத்துவிடும், சில நாளில் திரும்பவும் அதே சத்தம். பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லி பாஸிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எட்டு டெப்பட்டும் எண்ணிக்கையாக வர வேண்டும். ஒயில் சம்ப்பையும் கழுவச் சொல்லுங்கள், தேய்ந்த இரும்புத் தூள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

பூட்டும்போது மேடுகளிலும் டெப்பட் அடியிலும் அதற்கென்று உள்ள கிரீஸைத் தாராளமாகப் பூச வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் 20 நிமிடம் ஓட விட வேண்டும். மெதுவாக ஓடும்போது மேட்டுக்குத் தெறிக்கும் ஒயில் குறைவு, ஸ்பிரிங்கின் அமத்தல் முழுதும் மூக்கில் விழும். பனிக் காலத்துக் காலையில் காரை அரை மணி நேரம் சும்மா ஸ்டார்ட்டில் விட்டு "சூடாக்குகிற" வழக்கமும் இதனால்தான் நல்லதல்ல.

ஒயில் விஷயமும் உண்டு. 2004க்குப் பின் வந்த மெல்லிய ஒயில்களில், புதுக் கார்களுக்காக, தேய்வைத் தடுக்கும் துத்தநாக மருந்தைக் குறைத்துவிட்டார்கள். புதுக் காருக்கு அது போதும், நம் பழைய டெப்பட்டுக்குப் போதாது. 20டபிள்யூ50 தடிப்பில், பழைய எஞ்சினுக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 20 நிமிட ஓட்டம் முடிந்ததும் அந்த ஒயிலை இறக்கிப் புதிது ஊற்றி, பில்டரையும் மாற்ற வேண்டும். 500 மைல் ஓடிய பின் குளிர்ந்த எஞ்சினில் ஹெட் நட்டுகளைச் சரி பார்த்து, அதன் பிறகே எட்டு கேப்பையும் பாருங்கள். ஹெட் இறுகினால் கேப் மாறிவிடும்.