1900 பிப்ரவரி 29

எக்செல்லைத் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் 60 என்று அடியுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. நூற்றாண்டு முடிகிற ஆண்டு லீப் ஆண்டாக இருக்க வேண்டுமென்றால் அது 400ஆல் வகுபட வேண்டும். 2000 வகுபடும், 1900 வகுபடாது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, பாதி உலகத்துக்குச் சம்பளப் பட்டியல் போட்டுத்தரும் மென்பொருளுக்குத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். தெரிந்துதான் தப்பாகச் சொல்கிறது. 1983-இல் வெளிவந்து அலுவலகங்களைப் பிடித்துக்கொண்ட விரிதாள் மென்பொருள் லோட்டஸ் 1-2-3. அதில் 1900 லீப் ஆண்டாகப் பதிந்துவிட்டது. பின்னால் போட்டிக்கு வந்த எக்செல், லோட்டஸில் போட்ட கணக்குகளைத் தேதி பிசகாமல் திறந்து காட்டினால்தான் வாடிக்கையாளர் மாறுவார். ஆகவே அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. லோட்டஸ் சந்தையை விட்டே போய்விட்டது. அது பெற்ற பிப்ரவரி 29 மட்டும் இன்னும் இருக்கிறது.

இதே சோதனையைக் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் செய்தால் 1900 பிப்ரவரி 28 என்று வரும். சரியான நாட்காட்டிதான். ஆனால் அங்கேயும் ஒரு தந்திரம் இருக்கிறது. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாம் நாளாக வைத்து எண்ணுகிறது. லிப்ரே ஆபிஸோ 1899 டிசம்பர் 30-ஐச் சுழியம் என்று வைத்துக்கொண்டது. இப்படித் தொடக்கத்தைத் தள்ளிவைத்ததால் 1900 மார்ச் 1 முதல் இரண்டிலும் எண்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு வணிக நிறுவனத்தின் பழைய பிழைக்காக இன்னொரு வணிக நிறுவனம் இல்லாத நாளை உண்டாக்கியது. அதோடு ஒத்துப்போக லிப்ரே ஆபிஸ் காலத்தின் தொடக்கத்தையே நகர்த்திவைத்தது.

இத்தனை பாடும் கோப்புக்காகத்தான். வணிக மென்பொருளா, கட்டற்ற மென்பொருளா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு விலைக்குப் போய்விடுகிறது, இல்லையென்றால் கொள்கைக்குப் போய்விடுகிறது. இரண்டும் முக்கியம்தான். என்றாலும் வீட்டிலும் கடையிலும் சின்ன அலுவலகத்திலும் கணினி வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: நான் இன்று சேமிக்கும் கோப்பை இருபது வருடம் கழித்து எது திறக்கும்?

அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடலாம். நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய வரிகள், அதுதான் மூலநிரல். கணினி ஓட்டுவது அதிலிருந்து தொகுத்து எடுத்த எண்களின் வரிசை. தொகுக்கும்போது விளக்கக் குறிப்புகளும், நிரலாளர் வைத்த பெயர்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எண்களிலிருந்து பழைய வரிகளை அப்படியே மீட்டெடுக்க முடியாது. வணிக நிறுவனங்கள் பொதுவாக எண்களை மட்டும் விற்கின்றன. கட்டற்ற மென்பொருளில் வரிகளும் கிடைக்கும். படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் தரலாம். நம்மில் ஆயிரத்தில் ஒருவர்கூட அந்த வரிகளைப் படிக்கப் போவதில்லை. படிக்க ஆள் இருக்கிறார்கள் என்பதே நமக்குப் பயன்.

இப்போது இன்னொரு சோதனை. வேர்டில் எழுதிய ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, பெயரின் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு கோப்புறையே இருக்கும். அதில் ஆவணம் என்று பொருள்படும் பெயருள்ள கோப்பைக் குறிப்பேட்டில் திறந்தால், கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே உங்கள் தமிழ் வாக்கியங்கள் அப்படியே கிடக்கும். லிப்ரே ஆபிஸின் ஓடிடி கோப்பும் இதே மாதிரி ஒரு ஜிப் பொட்டலம்தான். ஓடிஎஃப் வடிவம் 2006-இலும், மைக்ரோசாஃப்ட்டின் வடிவம் 2008-இலும் சர்வதேசத் தரமாயின. அதற்கு முந்தைய டாக் கோப்புகளை இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. அவற்றின் முழு விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக வெளியிட்டதே 2008-இல்தான்.

இரண்டும் தரம் என்றால், வேர்டில் அழகாக இருந்த அட்டவணை லிப்ரே ஆபிஸில் ஏன் அடுத்த பக்கத்துக்கு வழிகிறது? ஓடிஎஃப் விவரக்குறிப்பு எழுநூறு பக்கச் சொச்சம். தரமாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் தரப்பு கொண்டுவந்ததோ ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல். வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டதோ அப்படியே விடு என்கிற ரீதியில்கூட அதில் ஓர் அமைப்பு உண்டு. வேர்ட் 95 எப்படி விட்டது என்பது அதைச் செய்தவர்களுக்குத்தானே தெரியும்! வெளியாள் ஒருவர் இத்தனையையும் கடைப்பிடித்து எழுதும்போது அங்கங்கே பிசகத்தான் செய்யும். பிசகாவிட்டால்தான் ஆச்சரியம்.

தமிழருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் தமிழைத் தட்டச்சு செய்த விதத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள், அதுவும் ஆளுக்கொரு வரிசையில். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி, இங்கே வானவில், ஸ்ரீலிபி என்று அது ஒரு பெரிய கூட்டம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ். அது இல்லாத கணினியில் ஒரு நாவல் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கிலம். கோப்பைப் பொறுத்தவரை அதற்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருந்ததில்லை.

இதன்மேல் இன்னொரு பூட்டு, பேஜ்மேக்கர். நம் ஊர் டிடிபி மையங்களில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கவிதைத் தொகுப்புவரை அதில்தான் பிறந்தன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அடோபி அதைக் கைவிட்டு இன்டிசைனுக்கு மாறியது. சிஎஸ்6 வரையிலான இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து மாற்றித் தந்தது. அதற்குப் பிந்தையவை திறப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், 2015-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டது. கைவிடப்பட்ட வடிவங்களை ஆராய்ந்து திறப்பதையே வேலையாக வைத்திருக்கும் தன்னார்வலர்கள், தயாரித்த நிறுவனமே மூடிய கதவைத் திறந்துவிட்டார்கள். பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உரை கிடைத்தாலே புண்ணியம்.

இதிலிருந்து வணிகம் வில்லன், கட்டற்றது கதாநாயகன் என்று படம் எடுத்துவிட வேண்டாம். தமிழை இந்த எழுத்துருக் காட்டிலிருந்து மீட்ட யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் ஜெராக்ஸ், ஆப்பிள் நிறுவனங்களின் பொறியாளர்கள். விண்டோஸ் 2000-தான் தமிழ் யூனிகோடைத் தன்னுள்ளேயே கொண்டுவந்த முதல் விண்டோஸ். மறுபக்கம், 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் 'க' முதலில் வரும், உயிர்க்குறி அடுத்து வரும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி முன்னாலும் மறு பாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்தொகுதி. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் அதுவே. கட்டற்ற மென்பொருள் நமக்குச் சரிப்படாது என்று ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் எழுதுகிறவரின் கொம்பையும் காலையும் அதுதான் இடம்பார்த்து வைக்கிறது.

நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் லிப்ரே ஆபிஸே சாட்சி. ஜெர்மனியில் ஸ்டார் ஆபிஸ் என்ற வணிகப் பொருளாக இருந்ததை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. புது முதலாளியோடு ஒத்துவராத பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு நிரலின் நகலோடு வெளியேறி லிப்ரே ஆபிஸ் என்று பெயர் சூட்டினார்கள். பயனாளர் ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை.

எங்கே காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்? ஆடிட்டர் டேலி தரவைக் கேட்டால் டேலிதான். அவரோடு கொள்கை பேசிக்கொண்டிருந்தால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் தேதி போய்விடும். அச்சகம் இன்டிசைன் கோப்பு கேட்டால் இன்டிசைன். அலுவலகம் முழுக்க எக்செல் மேக்ரோவில் ஓடுகிறதென்றால் மாற வேண்டாம். கடிதம், விண்ணப்பம், வீட்டுக் கணக்கு, படம் பார்ப்பது, இணையம் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபிஸும் விஎல்சியும் ஃபயர்ஃபாக்ஸும் தாராளம். இவற்றுக்காக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்குக் குடிபெயரவும் வேண்டாம், மூன்றும் விண்டோஸிலேயே ஓடும்.

பாதுகாப்பு விஷயத்தில் இரு தரப்பும் மார்தட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். விடாமல் தோண்டியதில், எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரல்தொகுதிக்குள் யாரோ கள்ளச் சாவி செருகியிருப்பது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, தனியாளாய்க் களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு செய்த வேலை அது. திறந்திருந்ததால்தான் உள்ளே நுழைந்தார், திறந்திருந்ததால்தான் பிடிபட்டது. கண்டுபிடித்த ஃபிராயிண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அதே ஆண்டு ஜூலை 19-இல், கிரவுட்ஸ்டிரைக் என்ற வணிகப் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமானங்களைத் தரையில் நிறுத்தியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மடிக்கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். சந்தேகமிருந்தால் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டி, வன்தட்டைத் தொடாமல் சோதிக்கலாம். முதலில் பிரிண்டரைச் செருகிப் பாருங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

புது மென்பொருள் எதுவானாலும், காசு கொடுத்ததோ கொடுக்காததோ, முதல் நாளே இரண்டு பக்கம் தட்டச்சு செய்து வேறு வடிவத்தில் வெளியே எடுத்துப் பாருங்கள். போனில் குறிப்பெழுதும் செயலிக்கும் இது பொருந்தும். பழைய பாமினி, வானவில் கோப்புகள் இருந்தால், அவற்றைத் திறக்கும் கணினி வீட்டில் ஒன்றாவது ஓடும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுப் புத்தகத்தையும் மாற்றிமுடிக்க அதிக நேரம் ஆகாது. மெய்ப்புப் பார்க்கத்தான் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.