அவர் – அவள்: ஓர் எழுத்தின் கொடுமை

குமரி மாவட்டத்து மயிலாடி உளிச் சத்தம் கேட்கும் ஊர். கருங்கல்லைக் கடவுளாகவும் கலையாகவும் செதுக்கிக் காசினிக்கு அனுப்புகிற ஊர். அங்கே வேலை செய்கிறவரைச் சிற்பி என்கிறோம். எவ்வளவு நேர்மையான சொல்! ஆணா, பெண்ணா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண் முன் வந்து நிற்பது யார்? ஓர் ஆண்பிள்ளை! சொல் பொதுவாகத்தான் இருக்கிறது. எண்ணம் பொதுவாக இல்லை.

எனவேதான் நாம் கேட்கிறோம்: மொழியா பெண்ணைத் தாழ்த்தியது? அல்லது, பெண்ணைத் தாழ்த்தியவர்கள் மொழியையும் அதற்கு ஆயுதமாக்கிக் கொண்டார்களா?

மொழிதான் குற்றவாளி என்போர் உண்டு. தமிழில் ‘வந்தான்’ வேறு, ‘வந்தாள்’ வேறு. பேசும்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்து நிறுத்துகிறோம். அதனால்தான் பேதம் என்பது அவர்கள் வாதம். நல்லது. மயிலாடிக்கு மேற்கே சில கல் தொலைவு போனால் மலையாளம். அந்த மொழியில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் விகுதியே கிடையாது. அவனும் ‘வந்நு’, அவளும் ‘வந்நு’. இன்னும் தொலைவில், தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய பிஜித் தீவுக்குப் போங்கள். அந்தத் தீவின் பழங்குடி மக்கள் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ‘கோயா’ என்ற ஒரே சொல்தான். சொல் ஒன்றாக இருந்ததனால் வாழ்வும் ஒன்றாகி விட்டதா? இல்லை. பிஜித் தீவில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1963-இல்தான். மலையாளம் அரசோச்சிய திருவிதாங்கூரில் பெண்ணின் நிலை என்ன? அதை மயிலாடி மண்ணே சொல்லும்.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது. அதை எதிர்த்து எழுந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். 1822-இல் தொடங்கி 1859 வரை, விட்டு விட்டு எரிந்த நெருப்பு அது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரியில், நாடார் பெண்கள் தோள்சீலை அணியக்கூடாது என்று அரசாணை பிறந்தது. அந்த ஆணை எவர் ஆட்சியில் பிறந்தது தெரியுமா? கௌரி பார்வதி பாய் என்ற ராணியின் ஆட்சியில்! அரியணையில் ஒரு பெண், அங்காடித் தெருவில் மானத்துக்குப் போராடியவர்களும் பெண்கள். சாதி என்ற சனியன் நடுவில் நின்றபோது, பெண்ணின் துயரம் பெண்ணுக்கே புரியாமல் போயிற்று. 1859 ஜூலை 26-இல்தான் உத்திரம் திருநாள் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும் ஒரு வால் ஒட்டியிருந்தது: மேல்சாதிப் பெண்கள் அணிவது போல மட்டும் அணியக்கூடாது!

ஆடைக்கு மட்டுமா தடை? நாவுக்கும் தடை. ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதிக்காரர் முன் வாய் பொத்திப் பேசிய விதத்தைச் சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் 1871-இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். புலையர் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்ணுவதைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தான் பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லக்கூடாது, குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். பத்து மாதம் சுமந்து பெற்றவள், பால் கொடுத்த வாயால், தன் மகவைக் குரங்கென்று கூற வேண்டுமாம்! எந்த இலக்கண நூலில் இருக்கிறது இந்த விதி? எந்தப் புலவர் வகுத்த நூற்பா இது? மொழி வகுக்கவில்லை, ஆதிக்கம் வகுத்தது. ‘நான்’ என்ற சொல்லைப் பறித்துவிட்டால் மனிதத் தன்மையையே பறித்துவிடலாம் என்பது ஆதிக்கக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பூட்டை உடைக்க எழுத்து வந்தது. மயிலாடியில் பிறந்த மகராசன் என்ற வேதமாணிக்கம் அழைக்க, ரிங்கல்தௌபே என்ற செர்மானியப் பாதிரியார் 1806-இல் இந்தப் பக்கம் வந்தார். 1809-இல் மயிலாடியில் பள்ளி எழுந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காண்கிறது. பத்தாண்டு கழித்து, 1819-இல், நாகர்கோவிலில் பெண்களுக்கென்றே பள்ளி. மதத்தைப் பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும். ‘அடியன்’ என்று கூனி நின்ற வாய்க்கு ‘அ’ என்று சொல்லிக் கொடுத்தவர் எவராயினும் அவருக்கு நன்றி கூறுவது தமிழர் பண்பு.

‘அடியன்’ என்ற சொல் இன்று செத்துவிட்டது. அதன் தங்கை செத்தாளா? நம் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம்.

நாஞ்சில் நாட்டுப் பேச்சிலே ‘மக்கா’ என்று ஓர் அருமையான சொல் உண்டு. மகனையும் மக்கா என்பார்கள், மகளையும் மக்கா என்பார்கள். தேன் தடவிய சமத்துவம்! சிறு வயதில் அவன் ‘ஏலே’ என்றால் அவள் ‘ஏட்டி’. அதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இருவருக்கும் திருமணம் ஆகட்டும். நேற்றுவரை ‘ஏலே’யாக இருந்தவன் ஒரே நாளில் ‘அவிய’ ஆகிவிடுகிறான். “அவிய வந்தாவ, அவிய சொன்னாவ” என்று மனைவி வாயில் மரியாதை வழிகிறது. அவள்? அவள் ‘ஏட்டி’யாகவே இருக்கிறாள்! பெற்றாலும், பேரன் எடுத்தாலும், கணவன் வாயில் அவள் ‘அவ’தான். தாலி கட்டியவனுக்குப் பதவி உயர்வு, கட்டிக்கொண்டவளுக்கு அதே பழைய இடம்! கணவன் பெயரைச் சொல்லவும் அவளுக்கு அனுமதியில்லாத வீடுகள் எத்தனை! அன்று ஆண்டான் முன் ‘நான்’ என்று சொல்லக் கூடாதென்றார்கள்; இன்று அகமுடையான் பெயரைச் சொல்லக் கூடாதென்கிறார்கள். இரண்டும் ஒரே மரத்துக் காய்கள் அல்லவா?

“உங்கள் வீட்டுக்காரி என்ன செய்கிறாள்?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கிறாள்” என்று பதில் வருகிறது. விடியுமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, ஊர் உறங்கிய பிறகு படுக்கிறாள்; அதற்குப் பெயர் சும்மா! அதே சோற்றை ஓட்டலில் ஆக்கினால் அவன் மாஸ்டர். அதே துணியைக் கடையில் துவைத்தால் அது தொழில். வீட்டில் செய்தால் மட்டும் சும்மாவா? உழைப்பை ஒரு சொல்லால் களவாடுகிற வித்தை இது.

பெண்ணின் குரலைப் பெண்ணின் பேச்சிலேயே கேட்டால் சட்டமும் அசையும் என்பதற்கு இந்த நாஞ்சில் நாடே சாட்சி. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18-இல் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். சொத்தெல்லாம் மருமகனுக்குப் போக, மனைவியும் மக்களும் தெருவில் நிற்கும் அநியாயத்தை, ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட ஒரு மனைவியின் வாய்மொழியாகவே பாடினார். நாடு சிரித்தது, பிறகு சிந்தித்தது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அடுப்படியில் முணுமுணுக்கப்பட்ட சொற்கள் அச்சேறியபோது, அவையும் சட்டத்துக்குப் படிக்கட்டாயின.

பெண்கள் தமிழுக்குச் செய்ததையும் எண்ணிப் பாருங்கள். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். அவ்வாண்டு நவம்பர் 13-இல், நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பெயரை வழங்கியது. மனைவியை இழந்தவனைக் குறிக்க ‘விதவை’க்கு இணையான ஆண்பாற்சொல் ஏன் வழக்கில் இல்லை, கற்பு என்ற சொல் ஏன் பெண்ணுக்கு மட்டும் விலங்கானது என்று கேட்ட மனிதருக்குப் பெண்கள் தந்த பரிசு அது. ‘ர்’ என்ற மரியாதை எழுத்தைப் பெண்கள் வாரி வழங்கினார்கள். ஆண்கள் திருப்பித் தந்தார்களா?

தரலாம், தடை ஏதுமில்லை. தமிழைப் பாருங்கள்! அவன் ஆண்பால், அவள் பெண்பால், அவர் என்பதோ இருபாலுக்கும் பொது. பேதமும் அங்கே உண்டு, பேதத்தைக் கடக்கும் பாலமும் அங்கேயே உண்டு. கணவனை ‘அவர்’ என்று எழுதிய பேனா, அடுத்த வரியில் மனைவியை ‘அவள்’ என்று எழுதினால், குற்றம் தமிழுடையதல்ல. பேனா பிடித்த கையினுடையது. நம் இதழ்களின் செய்திப் பத்திகளையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

காலம் அசையத் தொடங்கியிருக்கிறது. நீதிமன்ற எழுத்தில் பெண்ணை இழிவுபடுத்தும் சொற்களை அடையாளம் காட்டி, மாற்றுச் சொற்களும் தந்து, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத்தொகை என்று பெயரிட்டது. உதவி என்றால் கை தாழும். உரிமை என்றால் தலை நிமிரும். ஒரு சொல்லில் எவ்வளவு தொலைவு!

தமிழ் பேசுகிறோம் என்பதற்காகவே தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிய மண் குமரி. 1954-இல் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1-இல் வென்ற மண். அந்தத் தமிழ் அந்த மண்ணின் பெண்ணுக்கும் முழுதாகச் சொந்தமாக வேண்டாமா?

ஆகவே தோழர்களே, பெரிய தியாகம் எதையும் நாம் கேட்கவில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், அடுப்படியில் நிற்கிறவரைப் பெயர் சொல்லி, ‘நீங்கள்’ என்று அழையுங்கள். உங்களைப் பெயர் சொல்லி அழைக்க அவருக்கும் உரிமை கொடுங்கள். யாரேனும் கேட்டால், ‘சும்மா இருக்கிறாள்’ என்னாதீர்கள். ‘என்னைவிட அதிகம் உழைக்கிறார்’ என்று சொல்லுங்கள். நாக்கு முதலில் கூசும். தோளில் சீலை போட்டபோது கூசிய கண்கள் எத்தனை! அந்தக் கண்கள் பழகிவிட்டன. நாக்கும் பழகிவிடும்.