பழைய காரின் எச்சரிக்கை விளக்கு: குறையைக் கண்டறியும் முறை

பெட்ரோல் காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும், ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றிவிடுவது பலருக்கு வழக்கமாக உள்ளது. பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னரும் விளக்கு அணையாதிருப்பதுண்டு. விளக்கு அறிவிப்பது குறையின் அறிகுறியையேயன்றிக் குறையுள்ள உறுப்பையன்று என்பதை மறந்துவிடுவதே இதற்குக் காரணம்.

மும்பை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. இது கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. இது செவ்வனே வேலை செய்ய, ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று கலக்க வேண்டும். இவ்விகிதத்தைக் காப்பதற்காகப் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி பொருத்தப்படுகிறது. சிர்க்கோனியாவால் ஆன உணரி, பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் காட்டும்.

நவி மும்பையின் கோபர்கைரனே, தாணே கடற்கழிக்கு அருகில் உள்ளது. இத்தகைய ஊர்களில் உப்புக்காற்றும் பருவமழை ஈரமும் சேர்ந்து புகைக்குழாயைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. மின்னிணைப்புகளில் பச்சைக் களிம்பு படிகிறது. உணரிக்கு முன்புறம் குழாயில் சிறு துளை விழுந்தால், புகையழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். உணரி அக்காற்றைக் கண்டு, 'பெட்ரோல் குறைவு' என்று தெரிவிக்கும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நம்பி மேலும் பெட்ரோலைச் செலுத்தும். எரிபொருள் வீணாகும், புகைச் சோதனையிலும் வண்டி தோற்கக்கூடும். இங்கு உணரி பழுதுபட்டதன்று. தன்னிடம் வந்ததையே அது கூறுகிறது. புதிய உணரியும் அதையே கூறும்.

ஆகவே சோதனை ஒழுங்குமுறையாக அமைதல் வேண்டும். முதலில், குறைக் குறியீட்டையும் அது தோன்றியபோதிருந்த வேகம், வெப்பநிலை ஆகியவற்றையும் அழிக்குமுன் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, ரப்பர் குழாய்களில் வெடிப்பு, இணைப்புகளில் களிம்பு, புகைக்குழாயில் கரி படிந்த கசிவுத் தடம் ஆகியவற்றைக் கண்ணால் தேட வேண்டும். மூன்றாவதாக, இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்புமுன் குளிர்நீர் உணரியும் உள்காற்று உணரியும் காட்டும் வெப்பநிலைகளை ஒப்பிட வேண்டும். அவை பெரிதும் வேறுபட்டால் ஒன்று பிழையானது. நான்காவதாக, எஞ்சின் சூடான பின் முன் உணரியின் வோல்ட் விரைந்து ஏறியிறங்குவதையும், மாற்றிக்குப் பின்னுள்ள உணரி ஏறக்குறைய நிலையாக நிற்பதையும் பார்க்க வேண்டும். பின் உணரியும் முன்னதைப்போலவே ஆடினால் மாற்றி வலுவிழந்திருக்கலாம். கசிவு இல்லை என உறுதியான பின்னரே இம்முடிவுக்கு வருதல் தகும்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் தாமதம் கூடாது. ஸ்பார்க் பிளக் பொறி தவறி, எரியாத பெட்ரோல் மாற்றியை அடைந்து அங்கே எரிகிறது என்பது அதன் பொருள். மிகுந்த வெப்பத்தால் மாற்றி உருகிப்போகும். எளிய குறை பெருஞ்செலவாகிவிடும்.

இதன் அடிப்படையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். கழற்றி வைத்த பழைய குளிர்நீர் உணரியின் முனையை வெந்நீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால், நீர் ஆற ஆறத் தடை உயர்வதை மாணவர் காண்பர். கருவி தரும் எண்ணை அதன் காரணத்தோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கேயே தொடங்கும்.