வேட்டைக்குப் போன குடும்பம்: குண்டு வெடித்த பிறகு நடப்பது என்ன?

அப்பா, மாமா, படிக்கிற வயதில் ஒரு பையன். ஒரு துப்பாக்கி, தலையில் கட்டிய விளக்கு, இரண்டு நாய்கள். இருட்டில் ஏதோ அசைகிறது. வெடிச் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே கிடப்பது பன்றி இல்லை.

குறைந்த செலவில் எடுக்கப்படும் திகில் படங்களுக்கு இந்த மாதிரிக் கதை மிகவும் வசதியானது. காடு இருந்தால் செட் போட வேண்டாம், நான்கைந்து நடிகர்கள் போதும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு திரைக்கு வந்த ‘ரோ’ என்ற மலாய்ப் படம் நினைவிருக்கலாம். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், காட்டுக்குள் ஒரு குடிசை, அந்தப் பக்கம் வரும் ஒரு வேட்டைக்காரன். இவ்வளவுதான் படம். இயக்குநர் எமிர் எஸ்வான். சிறிய செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைத்தான் ஆஸ்கார் விருதுப் போட்டிக்கு மலேசியா அனுப்பியது.

ஆனால் வேட்டையையே கதையாக வைத்து எடுத்த படங்களில் முன்னால் நிற்பது ஸ்பெயின் நாட்டுப் படமான ‘லா காசா’. வேட்டை என்பதுதான் அதன் பொருள். 1966இல் கார்லோஸ் சவுரா எடுத்தது. பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை அவருக்கு வாங்கிக் கொடுத்தது. நடுத்தர வயது நண்பர்கள் மூவரும் அவர்களில் ஒருவரின் மைத்துனனான ஓர் இளைஞனும் கொளுத்தும் வெயிலில் முயல் வேட்டைக்குப் போகிறார்கள். ஒருவருக்குக் கடன் தொல்லை, இன்னொருவரிடம் பணம் கேட்கத்தான் அந்த வேட்டைக்கே ஏற்பாடு. பழைய மனக்கசப்பு, குடி, வெயில், கையில் நிரப்பிய துப்பாக்கி. கடைசியில் மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் சுட்டுச் சாகிறார்கள். இளைஞன் மட்டும் ஓடுகிறான். ஓடுகிறவன் முகத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது.

அந்தப் படத்தில் சுடுவது கோபத்தில். நம் ஜொகூர் பக்கம் நடக்கக்கூடியது வேறு விதம், பெரும்பாலும் ஆள் தெரியாமல் சுடுவது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. குண்டு பாய்வது ஒரு நொடிக் கதை. அதற்குப் பிறகு கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஓர் உயிரும் ஒரு குடும்பமும் மாட்டிக்கொள்கின்றன.

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ, லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பன்றி வேட்டையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு காட்டுப்பன்றிக்கு விருந்துதான். உதிர்ந்த பழம் கிடைக்கிறது, புதிதாக நட்ட கன்றின் குருத்தும் கிடைக்கிறது. மரவள்ளி போட்டவருக்கும் வாழை வைத்தவருக்கும் நஷ்டம். ஆகவே வேட்டை என்பது நம்மவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பயிரைக் காப்பாற்றியது, வீட்டுக்குக் கறி வந்தது, லயத்தில் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்களும் தீபாவளி விடுமுறைக்கு வந்தால் “வா மச்சான், ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று கிளம்புவதுண்டு. ஆபத்து கூடுவது இந்த இரண்டாவது ரகப் பயணத்தில்தான் என்பது என் எண்ணம். தடம் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் மூவர், கூடவே ஆசைப்பட்டு வந்த பையன்கள்.

இருட்டில் ஆள் ஏன் பன்றியாகத் தெரிகிறார்? விளக்கடித்தால் பூனை, மரநாய், மான் கண்கள் பளிச்சென்று மின்னும். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. எனவே செம்பனை வரிசைக்குள் விளக்கடிக்கும்போது பன்றியும் ஆளும் ஒரே மாதிரிதான்: கண் மின்னாத ஒரு கருப்பு உருவம், ஓலைச் சரசரப்பு. போதாக்குறைக்கு, வெட்டிப்போட்ட ஓலைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒருவர் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ இடுப்பளவு உயரம்தான் தெரியும். செம்பனையை வழக்கமாக ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். நாய் குரைக்கும் பக்கம் வளைந்து வளைந்து ஓடினால் யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்பது இரண்டே நிமிடத்தில் குழம்பிவிடும்.

பன்றிக்குப் பயன்படும் தோட்டாவையும் பார்க்க வேண்டும். ‘செனாப்பாங் பத்தா’ என்று நாம் சொல்லும் மடக்குத் துப்பாக்கியில் போடும் பெரிய ரகத் தோட்டாவுக்குள் எட்டு ஒன்பது ஈய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். வெளியே வந்ததும் அவை விரியத் தொடங்கும். மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், முப்பது மீட்டரில் முக்கால் மீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். பன்றியை நேராகவே குறி பார்த்திருந்தாலும் அதன் பக்கத்தில் இருப்பவர்மேல் ஓர் உருண்டை பட வாய்ப்புண்டு. தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களுக்குள் உயிர் போய்விடலாம்.

அந்தச் சில நிமிடங்களில்தான் படத்தில் வருகிற காட்சி நிஜத்தில் வருகிறது. யாரும் கைப்பேசியை எடுப்பதில்லை. “இரு, யோசிப்போம்” என்கிறார் ஒருவர். “துப்பாக்கியை முதலில் அப்புறப்படுத்து” என்கிறார் இன்னொருவர். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாததால்தான் அது வருகிறது.

சட்டத்தில் உள்ளதைப் பார்ப்போம். கவனக் குறைவால் ஒருவருக்கு மரணம் விளைவிப்பது குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவில் வருகிறது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதோ வேறு கதை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடக் கடுமையானது 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (தண்டனை அதிகரிப்பு) சட்டம். அதன் 8ஆவது பிரிவில் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. எந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டுவது என்பது அரசுத் தரப்பு எடுக்கும் முடிவு.

ஆக, தெரியாமல் ஒருவரைச் சுட்டதற்கு உள்ள தண்டனையைவிட, சுட்ட துப்பாக்கிக்கு உள்ள தண்டனை பல மடங்கு பெரியதாக இருக்கலாம். தடுப்புக் காவலிலும் இந்த வித்தியாசம் தெரியும். பதினான்கு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் மாஜிஸ்திரேட் முதலில் நான்கு நாள், அடுத்து மூன்று நாள், மொத்தம் ஏழு நாள்வரைதான் தடுத்து வைக்க உத்தரவிட முடியும். பதினான்கு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் ஏழும் ஏழும் பதினான்கு நாள். இந்த எண்கள் நம்மவர்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் “துப்பாக்கி கேஸ் பெரிய கேஸ்” என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயம்தான் 999ஐ அழைக்கப் போகும் கையைப் பிடித்து இழுக்கிறது.

பயந்து மறைத்தால் நிலைமை இன்னும் கெடுகிறது. துப்பாக்கியைக் குளத்தில் எறிவது, இரத்தக்கறைச் சட்டையை எரிப்பது, “வழுக்கி விழுந்துட்டாரு” என்று கதை கட்டுவது எல்லாம் 201ஆவது பிரிவுக்குள் கொண்டுபோய்விடும். ஆதாரத்தை மறைப்பதும் குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பதும் அங்கே தனிக் குற்றம். சுடாதவர்களும், வேட்டைக்கே போகாமல் வீட்டில் இருந்து உதவியவர்களும் இதில் சிக்கலாம். அதோடு, கவனக் குறைவு என்று முடிந்திருக்கக்கூடிய வழக்கில் “தெரியாமல் நடந்ததென்றால் ஏன் மறைத்தாய்?” என்ற கேள்வி எழும். கொலை என்ற கோணத்தில் விசாரணை திரும்பினால் 302ஆவது பிரிவு வருகிறது. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்ட பிறகும் அதற்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும்.

உரிமம் உள்ளவர்கள் “நமக்கென்ன” என்று இருந்துவிட முடியாது. துப்பாக்கி உரிமம் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே. “தம்பி, நீ ஒரு தடவை சுட்டுப் பாரு” என்று மருமகன் கையில் கொடுத்த நொடியில் அது உரிமம் இல்லாத கையில் இருக்கும் துப்பாக்கி. வேட்டைக்கு என்று தனி உரிமமும் தேவை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் எடுத்துத்தான் வேட்டையாட வேண்டும். எந்த முறையில், எந்த நேரத்தில் வேட்டையாடலாம் என்பதற்கும் விதி உண்டு. உரிமம் வாங்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பிக் கண்ணி வைப்பதை இந்தச் சட்டம் தடை செய்கிறது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில் தண்டனைகள் கூட்டப்பட்டுள்ளன. தோட்ட நிலம் என்பதால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

நான் வளர்ந்த தோட்டத்தில் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் ஒரு பெரியவர் இருந்தார். மரக்கட்டையில் விழுந்து அடிபட்டது என்பார். பிள்ளைகள் நாங்கள் அதை நம்பினோம். அவர் இறந்து துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது சொந்தத் தம்பி சுட்ட குண்டு என்று தெரிய வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பச்சிலை கட்டி வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். தம்பியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவரே சொன்னாராம். அவர் பிழைத்துக்கொண்டார், கால்தான் போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு ஒரே லயத்தில் பல வருடம் குடியிருந்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டதில்லை என்று அத்தை சொன்னார். இதைப் பாசம் என்று சொல்வதா, என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்படிப்பட்ட வேட்டையில் கூடப் போன பையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சவுராவின் படம் கடைசியில் அவன் முகத்தில் நிற்பது சும்மா இல்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கதையைப் போலீசிடம் ஒப்பிக்க வேண்டியவன் அவன். பள்ளிக்குப் போக வேண்டும், செத்தவரின் பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். மாமாவைக் காப்பாற்றுவதா, உண்மையைச் சொல்வதா என்று பதினைந்து வயதில் ஒருவன் முடிவெடுக்கும்படி நாம் வைக்கக் கூடாது. விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வழக்கத்தை விட்டுவிடுவதே மேல்.

விபத்து நடந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் துப்பாக்கியில் மிச்சம் இருக்கும் தோட்டாவை எடுத்துவிட்டு அதைக் கீழே வைக்க வேண்டும். பதற்றத்தில் இரண்டாவது குண்டு வெடிக்க இடம் கொடுக்கக் கூடாது. இரத்தம் வரும் இடத்தில் துணியை மடித்து வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று. உள்ளே போன ஈயத்தை நோண்டி எடுக்க முயலக் கூடாது. கை காலில் இரத்தம் பீறிட்டு நிற்காமல் போனால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் துப்பாக்கிக் காயம் என்று தெரிந்தால் போலீசுக்குத் தகவல் போகும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத மலேசியக் குடிமக்களுக்குக் கைதான நேரத்திலும் தடுப்புக் காவல் விசாரணையிலும் ஒய்பிஜிகே என்ற தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. கைதானவர் வழக்கறிஞரோடு பேச வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. வீட்டில் இருக்கும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது, ஏனென்றால் அந்த இரவில் நிலையத்துக்கு ஓடப்போவது அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. தோட்டத்துக்குள்ளிருந்து 999ஐ அழைக்கும்போது பலர் தடுமாறுவது இடத்தைச் சொல்வதில்தான். “செம்பனைக்குள்ள இருக்கோம்” என்றால் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? பாட்டை ஓரங்களில் பிளாக் எண்ணும் நட்ட ஆண்டும் எழுதிய பலகை இருக்கும். அந்த எண்ணையும் தோட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். இரவில் வாயில் கதவு பூட்டியிருக்கலாம், ஆகவே ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க் காவலாளியை எழுப்பி, தார்ச்சாலைச் சந்திப்பில் விளக்கோடு நிற்க வேண்டும். சில இடங்களில் லைன் கிடைக்காது. மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். கிடைக்கிற மேடு எது என்பது தோட்டத்துப் பையன்களுக்குத் தெரியும்.