கன்னிமாரா: கட்டடத்துக்கு உயிர் கொடுத்த இரு சட்டங்கள்

சென்னை எழும்பூரில், அரசு அருங்காட்சியகத்தோடு ஒரே வளாகத்தில் நிற்கும் கன்னிமாரா பொது நூலகத்தைக் காணச் செல்வோர், பழைய மண்டபத்தின் வளைந்த விதானத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் சித்திர வேலைப்பாடுகளையும் கண்டு பிரமிப்பது இயல்பே. ஆயினும் அந்த அழகுக்கு அப்பால், இந்த ஸ்தாபனத்தின் பெருமைக்கு வேறோர் ஆதாரமும் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் நடத்திய கல்லூரி மூடப்பட்டபின், அதன் நூல்களில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து, அங்கே ஒரு சிறு நூலகத்துக்கு வித்தாயிற்று. அது பொதுஜனங்களுக்கு உரிய தனி நூலகமாக வளர வேண்டுமென்ற எண்ணத்தோடு, அப்போதைய கவர்னர் கன்னிமாரா பிரபு 1890ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி அஸ்திவாரக் கல்லை நாட்டினார். சென்னையின் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குகொண்ட சிற்பி ஹென்றி இர்வின் வகுத்த திட்டப்படி எழும்பிய அந்த மாளிகை 1896ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது.

ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இரண்டு சட்டங்களே அந்த மாளிகையைத் தேசத்தின் அறிவுப் பண்டாரமாக ஆக்கின. முதலாவது, நூலகத் துறையின் பேராசான் எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியாலும், கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கத்தின் ஆதரவாலும் நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இத்தகைய முதல் சட்டமாகிய இது, வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் சிறு வரியால் நூலகங்கள் நடைபெற வழி வகுத்தது. 1950இல் கன்னிமாரா மாநிலத்தின் மைய நூலகமாயிற்று. இரண்டாவது, 1954ஆம் ஆண்டின் மத்திய சட்டம். அதன்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும், பிரசுரகர்த்தர் தம் சொந்தச் செலவில், வெளியான முப்பது நாட்களுக்குள், கொல்கத்தா, மும்பை, டில்லி நூலகங்களோடு கன்னிமாராவுக்கும் அனுப்பியாக வேண்டும்.

இவ்விதம் நூல்கள் வந்து குவியக் குவிய, பழைய மண்டபத்தின் அலமாரிகள் போதாமல், 1970களில் அதன் அருகிலேயே புதிய கட்டடம் எழுந்தது. இன்று பழம்பிரதிகள் பழைய மண்டபத்தில் பாதுகாக்கப்பட, புதியதில் பத்திரிகை வாசகரும், ஆராய்ச்சியாளரும், பார்வையற்றோரும், போட்டித் தேர்வு எழுதும் இளைஞரும் தத்தம் பகுதிகளில் அமர்ந்து படிக்கின்றனர்.

பிரதி அனுப்பத் தவறியவருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் விதித்த அபராதம் ஐம்பது ரூபாயும் நூலின் விலையுமே. அத்தனை எளிய தண்டனையால் எவரையும் நிர்ப்பந்திக்க இயலாது; ஆகவே, சிற்றூரில் அச்சாகும் மெல்லிய கவிதைத் தொகுதியும் நூறாண்டு கழித்து ஒரு வாசகருக்குக் கிடைக்க வேண்டுமாயின், பிரதியை அனுப்புவது தம் தர்மமென்று பதிப்பாளரும், வந்ததை வகைப்படுத்திக் காப்பது தன் கடமையென்று அரசும், கேட்டு வாங்கிப் படிப்பது தம் உரிமையென்று வரி செலுத்தும் மக்களும் கருதியே ஆக வேண்டும்.